ஷம்சாத் அக்கா கடை கம்ப்யூட்டர்

பெருங்களத்தூர் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஷம்சாத் அக்காவுக்கு வாய் நீளம். பிடிக்கவில்லையென்றால் வந்தவரை வாசலோடு அனுப்பிவிடுவார். ஆனால் அவசரம் என்று யாராவது வந்து நின்றால், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் சோற்றை மூடிவைத்துவிட்டு எழுந்துவிடுவார். அதற்காகத்தான் நாங்கள் அந்த வாயைப் பொறுத்துக்கொள்கிறோம்.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்த காலை, அக்கா ஷட்டரைத் தூக்கும்போதே ஜெரோம் சார் தன் மகள் ஆஷாவோடு காத்திருந்தார். அன்று அவளுக்கு வேலைக்கான தேர்வு. ஹால் டிக்கெட்டை அவள் வேளாங்கண்ணி பஸ்சில் தொலைத்துவிட்டாள். ஒன்பது மணிக்கு நாவலூரில் கேட்டை மூடிவிடுவார்கள். பக்கத்தில் வேறு கடை எதுவும் திறக்கவில்லை.

அக்கா கம்ப்யூட்டர் பட்டனை அமுக்கினார். ஃபேன் கொஞ்சம் சுற்றி அடங்கியது. மறுபடி அமுக்கினால் அதுவும் இல்லை.

பிளக்கைப் பிடுங்கிச் சொருகினார். வேறு ஒயர் மாற்றினார். பெட்டியைத் திறந்து, ரேமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினார். எதற்கும் மசியவில்லை. ஆஷா அழ ஆரம்பித்தாள்.

"என்னம்மா, ஆகுமா ஆகாதா? டைம் போகுதுல்ல!" என்று கத்தினார் ஜெரோம் சார்.

"கத்தாதீங்க சார். கத்துனா மெஷின் எழுந்துக்குமா?"

அக்கா பட்டனைத் தடவிப் பார்த்தார். உள்ளே போனது வெளியே வரவில்லை. சுற்றிலும் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது.

கடையில் வேலை பார்க்கும் குமரேசன் பூஜையன்று வைத்த பொட்டு அது. அக்காவிடம் கேட்டுக்கொண்டு வருஷா வருஷம் வைப்பதுதான். இந்தத் தடவை மெஷினுக்கு அதுதான் நெற்றி என்று நினைத்து, பட்டன்மேலேயே அப்பிவிட்டார் மனுஷன். இப்போது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அக்கா தலைத்துணியில் குத்தியிருந்த ஊசியை உருவிச் சந்தனத்தைச் சுரண்டினார். பட்டன் டக்கென்று வெளியே வந்தது. அமுக்கினார். திரையில் வெளிச்சம் வந்தது.

"எந்த முட்டாள் பண்ண வேலை இது?" ஜெரோம் சார் குமரேசனைப் பார்த்துத்தான் கேட்டார்.

"நான்தான் சார்," என்றார் அக்கா.

"நீங்களா? நீங்க பொட்டு வச்சீங்களா?"

"என் கட, என் மெஷினு. நான் வெப்பேன். உங்களுக்கு இன்னா சார்?"

நகமெல்லாம் சந்தனத்தோடு அவர் முறைத்த முறைப்பில் சார் ஆட்டோ பிடிக்க வெளியே போனார். பிரிண்ட் வந்ததும் ஆஷா அதைப் பறித்துக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினாள்.

கேட்டுக்குள் போய்விட்டாள் என்று சாரிடமிருந்து போன் வந்த பிறகுதான் அக்கா டீயைக் கையில் எடுத்தார்.

குமரேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இனிமே பொட்டு வெக்க மாட்டேங்க்கா."

"வெக்காம? அடுத்த வருசமும் நீதான் வெப்ப. பொட்டி மேல வெய்யி. பட்டன்ல வெச்சே, கைய ஒடிச்சுடுவேன்."