இடக்கைக்காரனுக்கு ஒரு ரம்ப மெஷின்

நம் முதியோர் கல்வி வகுப்புப் பலகையில் இதை ஒட்டுகிறேன், தோழர்களே. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் இடக்கைக்காரன். டீச்சர் சொன்னதால் வலக்கையால் எழுதுகிறேன்.

இன்று ராஜபாளையத்துக்கு ரம்ப மெஷின் வாங்கப் போனேன். மேசை நடுவில் வட்ட ரம்பம் சுழலும். கட்டையைத் தள்ளினால் போதும். என் தோள்பட்டை இனிமேல் கைரம்பம் இழுக்காது. மெஷின் இல்லாவிட்டால் தச்சுவேலையையே விட வேண்டியதுதான்.

கடையின் பெயரை நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன்! சந்தோஷம் தாங்கவில்லை.

உள்ளே நான்கு மெஷின்கள். நான்கும் வலக்கைக்காரனுக்குச் செய்தவை. இடக்கையால் தள்ளினால் கை ரம்பத்துக்குக் குறுக்கே போகிறது.

கடைக்கார பாய், "எதுத்தாப்ல நின்னு தள்ளுங்க அண்ணாச்சி" என்றார்.

கூட வந்த மைத்துனன் சிரித்தான். "அங்கன நின்னா ரம்பம் கட்டையோட அத்தானையும் சேத்து இழுத்துட்டுப் போயிரும் பாய்!"

"அப்ப வலக்கையால தள்ளிப் பழகுங்க. எம்புட்டு நாளாயிரும்?"

எனக்குப் பத்து விரலும் இன்னும் இருக்கின்றன. வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

உங்களில் இடக்கைத் தச்சர் யாரும் உண்டா? எப்படிச் சமாளிக்கிறீர்கள்? அடுத்த வாரமும் இங்கே எழுதுவேன். வலக்கையால் எழுதும் வரி நேராக இருந்தால், மெஷின் வாங்கப் புறப்பட்டுவிட்டேன் என்று தெரிந்துகொள்ளுங்கள்.