பூநாரையின் பறக்கும் படம்

மரக்காணம் உப்பளத்தில், தண்ணீர் நின்ற பாத்தியில் பூநாரைகள் இரை தேடிக்கொண்டிருந்தன. நானும் உடன் வந்த நண்பரும் வரப்பில் படுத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். நண்பருக்கு அவை பறக்கும் படம்தான் வேண்டும்; கை தட்டிக் கிளப்பலாம் என்றார்.

"வேணாம் சார், மேல கரண்ட் கம்பி போகுது" என்றேன்.

"ஒரே ஒரு ஷாட்டுங்க" என்று எழுந்து பலமாகக் கை தட்டினார்.

கூட்டம் மொத்தமாகக் கிளம்பியது. ஒரு பறவை மட்டும் கம்பியில் அடிபட்டு விழுந்தது. இறக்கை முறிந்து தொங்கியது. பிடித்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகலாமென்று சேற்றில் இறங்கினேன். நான் நெருங்க நெருங்க அது பயந்து தள்ளிப்போனது.

பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண் கத்தினார்: "ஏம்பா, அத்த பறக்க வுட்டது பத்தாதா? இன்னும் தொரத்துறியே!"

நின்றுவிட்டேன். எதிர் வரப்பில் நாய்கள் வந்து உட்கார்ந்திருந்தன. என்னைப் பார்த்து மிரண்ட பறவை, அவை இருந்த பக்கமாகவே நடந்துகொண்டிருந்தது.