வால்பாறைக்கு ஒரு ஸ்வெட்டர்

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. சாப்பிடும்போதே இரண்டு தடவை எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவேன். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால்கூட, பரிமாறுகிறவர் கையிலிருந்து சாம்பார் வாளியை வாங்கிவிடலாமா என்று கை பரபரக்கும். ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் இதைச் சுறுசுறுப்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. மூன்று வருஷத்துக்கு முன்பு அவளுக்குத் தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு வந்தது. வால்பாறை மலையில், தேயிலை எஸ்டேட்டை ஒட்டிய ஒரு சின்னப் பள்ளி. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கலாம். போய்ப் பார்க்கிறேன் என்றாள். சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் இறங்கி வருவாள், ஞாயிறு மத்தியானம் திரும்ப ஏறிவிடுவாள். மகள் பெங்களூரில் இருக்கிறாள். அதே வருஷம்தான் நானும் என் லேத் பட்டறையை மூடியிருந்தேன். சாலையை அகலப்படுத்தியதில் பட்டறையில் பாதி போயிற்று, மிச்சப் பாதியில் மிஷின் நிற்கவில்லை. ஆகக் கோவையில், வடவள்ளி தாண்டி நாங்கள் கட்டிய வீட்டில் வாரத்துக்கு ஐந்தரை நாள் நான் மட்டும்தான்.

மூன்று வருஷம் முடிந்தால் மாறுதல் கேட்கலாம். அது போன பங்குனியோடு முடிந்தது. கோவைக்குப் பக்கத்திலேயே இரண்டு பள்ளிகளில் இடம் காலி என்று நானே அலைந்து விசாரித்து வைத்திருந்தேன். அவள் விண்ணப்பம் கொடுத்தால் போதும். கடைசி நாள் ஒரு திங்கட்கிழமை. கொடுத்தாளா இல்லையா என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் பயம்தான். இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

ஸ்வெட்டர் கதை அதற்கு முன்பு மார்கழியில் ஆரம்பித்தது. இரண்டு நாள் அவளோடு இருந்துவிட்டு வரலாம் என்று ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு வால்பாறை போனேன். போன அன்றைக்கே அவள் குவார்ட்டர்ஸில் குழாய்க்கு வாஷர் மாற்றினேன், ஜன்னல் கொண்டிகளை நிமிர்த்தினேன். கதவு அடியில் உரசியது, அதையும் கழற்றி இழைத்து மாட்டினேன். எனக்குப் பெரிய திருப்தி. அவள் வெளியே போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்று பார்த்தாள். போர்வைக்குள் போட்டிருந்த ஸ்வெட்டர் முழங்கையில் நைந்து, உள்ளே இருந்த ரவிக்கை தெரிந்தது. அவள் குளிக்கப் போனபோது அந்த ஸ்வெட்டரை எடுத்துச் சணல் கயிற்றால் அளவெடுத்து, கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். கடையில் வாங்கித் தரக்கூடாது, நானே பின்ன வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். எனக்குப் பின்னத் தெரியாது என்பது பஸ் பாதி மலை இறங்கிய பிறகுதான் உறைத்தது.

பெரிய கடை வீதிப் பக்கம் ஒரு பாய் கடையில் உல்லன் நூலும் ஊசியும் வாங்கினேன். யாருக்குங்க என்று கேட்டார் பாய். ஊட்டுக்காரிக்கு என்றேன். பின்னறது யாரு என்றார். நான்தான் என்றதும் அவர் சிரிக்கவில்லை, ஒரு உருண்டை நூலைக் கூடவே எடுத்து வைத்தார். "புதுசுன்னா நெம்பப் பிரிப்பீங்க, நூல் நைஞ்சு போயிருமுங்க" என்றார். மூன்று உருண்டை நைந்து போனது.

செல்போனில் வீடியோ போட்டுப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அதில் ஒரு அம்மா ஊசியைப் பார்க்காமலே பேசிக்கொண்டு பின்னுவார். எனக்கு ஒரு வரிசை முடிய அரை மணி நேரம். முப்பது வருஷம் லேத்தில் மரை வெட்டியவன், அங்குலத்துக்கு இத்தனை கண்ணி வர வேண்டும் என்று பட்டறையில் இரும்பு அளக்கிற வெர்னியரை வைத்து அளந்தேன். இரும்பு அளந்தபடி நிற்கும், நூல் நிற்காது. இழுத்தால் நீள்கிறது, விட்டால் சுருங்குகிறது. கோபத்தில் ஒரு நாள் ஊசியைச் சுவரில் எறிந்திருக்கிறேன். பிறகு கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடி எடுத்தேன். ஆனால் ஒன்று கவனித்தேன்: நடந்துகொண்டே பின்ன முடியாது. முயன்று பார்த்தேன், கண்ணி நழுவியது. அதனால் உட்கார்ந்தேன். முதலில் பத்து நிமிஷம், மாசி பிறக்கும்போது ஒரு மணி நேரம்.

மாசியில் காலைப் பனியும் பத்து மணிக்கு மேல் வெயிலுமாக இருந்தது. தொடையில் கம்பளி ஒட்டி அரித்தது. கோவை வெயிலில் ஸ்வெட்டர் பின்னுகிற ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவள் மாறுதல் வாங்கி வந்துவிட்டால் இது பீரோவில் தூங்கும், தூங்கட்டும் என்று நினைத்துக்கொண்டே பின்னினேன்.

மிச்ச நேரம் எல்லாம் மொட்டை மாடியில். செடி வைக்க இடமே இல்லாமல் கட்டிவிட்டீர்கள் என்று வீடு கட்டிய காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். வந்தால் பார்க்கட்டும் என்று நாற்பது பைகளில் மண் நிரப்பித் தக்காளி, கத்தரி, மிளகாய், ஓரத்தில் அவரைப் பந்தல், இரண்டு மல்லிகை. எல்லாவற்றையும் நானே மாடிக்குச் சுமந்தேன். தக்காளி காய் பிடித்ததும் மயில் வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் மயில் காக்கை மாதிரி. விரட்டினால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் போய் நின்றுகொண்டு நம்மை முறைக்கும். தொண்டாமுத்தூர் பக்கம் தோட்டத்தைச் சுற்றிப் பழைய சீலை கட்டுவார்கள், காற்றில் ஆடினால் பன்றி, மயில் எதுவும் கிட்ட வராது என்று. நானும் கட்டலாம் என்று அவள் பீரோவைத் திறந்தேன்.

நல்ல சீலை எது, பழையது எது என்று பிரிக்கப் பயந்துகொண்டுதான் திறந்தேன். பிரிக்க வேலையே இல்லை. கல்யாணப் பட்டு ஒன்று மட்டும் துணிப்பையில் இருந்தது. மற்றதெல்லாம் கஞ்சி போன, கரை கிழிந்த சீலைகள். பள்ளிக்குக் கட்டுகிற காட்டன் இல்லை, மகள் வாங்கித் தந்த ஊதா இல்லை, தீபாவளிச் சீலைகள் மூன்றும் இல்லை. வாரம் ஒன்றிரண்டாகப் பைக்குள் வைத்து எடுத்துப் போயிருக்கிறாள். அந்தப் பையை ஒவ்வொரு ஞாயிறும் உக்கடம் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்குள் தூக்கிக் கொடுத்தவன் நான்தான்.

அன்றைக்கு வியாழக்கிழமை. ஆறு பழஞ்சீலைகளையும் மாடியில் கட்டிவிட்டு வீட்டுக்குள் நடந்தேன். ஹாலிலிருந்து சமையல்கட்டு, அங்கிருந்து வாசல், மறுபடி ஹால். சாயங்காலம் வழக்கம்போல் அவள் போன் பண்ணினாள். மழை பெய்ததா, சாப்பிட்டாயா, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. போனை வைத்த பிறகு, கேட்காத கேள்வியை நடந்துகொண்டே பத்து விதமாகக் கேட்டுப் பார்த்தேன், பத்துக்கும் அவளே பதில் சொன்னாள், ஒவ்வொன்றும் வேறு வேறு. வெள்ளிக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஸ்வெட்டரை முடித்தேன். அன்றைக்கு நேரம் போக வேறு வழி தெரியவில்லை.

சனிக்கிழமை விடியும் முன்பே அரிசி ஆட்டினேன். சந்தகை அவளுக்கு உயிர். ஆட்டிய மாவை இட்லியாக வேக வைத்து, சூடு ஆறும் முன் சந்தகை மிஷினில் போட்டு அழுத்தினால் நூல் நூலாக இறங்கும். கை வலிக்கிற வேலை, அன்றைக்கு எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. பாதியை எலுமிச்சம்பழம் பிழிந்து தாளித்தேன், பாதிக்குத் தேங்காய்ப் பால். வடுமாங்காய் ஜாடியைக் குலுக்கி வைத்தேன். உக்கடத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நின்றேன்.

வந்தாள். கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றி இறங்கிய களைப்பைத் தவிர முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சந்தகையை ருசித்துச் சாப்பிட்டாள். மாடிக்குக் கூட்டிப்போனேன். தக்காளியைத் தொட்டுப் பார்த்தாள், மல்லிகையை மோந்து பார்த்தாள், நன்றாக இருக்கிறது என்றாள். தன் பழஞ்சீலைகள் ஆறும் காற்றில் ஆடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பீரோவை நான் திறந்திருக்கிறேன் என்று அவளுக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். கீழே இறங்கினாள்.

ஹாலில் ஸ்வெட்டரை எடுத்துக் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யார் பின்னியது என்று கேட்டாள், சொன்னேன். நம்பாமல் என் விரல்களைப் பார்த்தாள். ஊசி முனை குத்திக் குத்தி ஆள்காட்டி விரலில் காய்ப்பு விழுந்திருந்தது. மின்விசிறிக்குக் கீழே, பங்குனி மத்தியானத்தில், சீலைக்கு மேலேயே போட்டுப் பார்த்தாள். உடம்பு இழுபட்டுச் சேர்ந்துவிட்டது. கை மட்டும் மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. நான் அளவெடுத்த பழைய ஸ்வெட்டர் வெந்நீரில் துவைத்துத் துவைத்துச் சுருங்கியதாம். அது எனக்கு எப்படித் தெரியும்.

"கை இன்னும் மூணு விரக்கடை வேணுங்க" என்றாள். "ஆனி மழைக்குள்ள முடிச்சுக் குடுத்தீங்கன்னா போட்டுக்குவேன்."

ஆனி மழைக்குக் கோவையில் யாரும் ஸ்வெட்டர் போடுவதில்லை.

"அப்ப நீ மாறுதலுக்கு எழுதிக் குடுக்கல."

"இல்லீங்க."

"திங்கக்கிழமைக்குள்ள குடுப்பியா, அம்மணி?"

"இல்லீங்க."

எழுந்துவிட்டேன். அணைத்திருந்த அடுப்பைப் போய் மறுபடி அணைத்தேன். திரும்பி வந்து, போய், வந்து, நடந்துகொண்டே பேசினேன். நாற்பது பை மண்ணைச் சுமந்தது, இரண்டு பள்ளிக்கு அலைந்தது, அரிசி ஆட்டியது எல்லாவற்றையும் சொல்லிக் காட்டினேன். திருட்டுத்தனமாகச் சீலையைக் கடத்துகிறாய் என்றுகூடச் சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நான் முடிக்கும் வரைக்கும் அவள் ஸ்வெட்டரைக் கழற்றாமல் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உக்காருங்க" என்றாள் பிறகு. உட்கார்ந்தேன்.

"அங்க பொழுதோட ஒரு டம்ளர் டீய வெச்சுட்டு வாசப்படில உக்காருவேன். அது ஆறிப்போனாலும் கேக்க ஆளில்லீங்க. இந்த ஊட்டுல நீங்க நடந்துட்டே இருப்பீங்க, அந்தச் சத்தத்துல நானும் முப்பது வருசமா எந்திரிச்சே நின்னுட்டு இருக்கேன். மார்கழில வந்தீங்க. ரெண்டு நாள் பேசலாம்னு ஆசையா இருந்தேன். அந்தக் குளுருல கதவக் கழட்டிப்போட்டுட்டீங்க."

அவள் வேறு ஊருக்குப் போகவில்லை, என் காலடிச் சத்தத்திலிருந்துதான் தப்பிப் போயிருக்கிறாள். எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்று கால் துடித்தது, எழுந்தால் அவள் சொன்னதற்கு நானே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும். அவள் ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். அதை வாங்கினேன். மணிக்கட்டுப் பக்கம் விளிம்பைப் பிரித்து, கண்ணிகளை ஒவ்வொன்றாக ஊசியில் ஏற்றி, அங்கிருந்து நீட்டிப் பின்ன ஆரம்பித்தேன். இரண்டு கண்ணி நழுவியது. திரும்பப் பிடித்தேன்.

அவள் டீ போட்டு எடுத்து வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். எனக்கும் ஒரு டம்ளர். ஒரு விரக்கடை முடிந்திருக்கும், மாடியில் பொத்தென்று ஏதோ குதித்தது. பிறகு அகவல். சீலைக்கெல்லாம் பயப்படாத மயில் போல. பை சரிகிற சத்தம் கேட்டது. முதல் தக்காளிகள் அன்றைக்குத்தான் சிவந்திருந்தன.

அவள் கூரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் வரிசையை முடித்து ஊசியைத் திருப்பி அடுத்த வரிசையை ஆரம்பித்தேன். மேலே இன்னொரு பை சரிந்தது. அதற்கும் எழவில்லை. இவ்வளவு பாடுபட்டு என் வாழ்க்கையில் நான் எதையும் செய்ததில்லை.

அவள் டீ ஆறிப்போயிருந்தது. அதை மெதுவாகக் குடித்தாள்.

"நா வேணா ஒரு வாரம் வந்து அங்க இருந்து பாக்கட்டுமா?" என்று கேட்டேன். தலை நிமிர்ந்து கேட்கத் தைரியம் வரவில்லை. ஊசியைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

நான்கு கண்ணி போட்டேன், ஐந்தாவதும் போட்டேன்.

"வாங்க" என்றாள். "ஸ்பேனர் பை வேண்டாமுங்க. அந்த ஊசிய மட்டும் எடுத்துட்டு வாங்க."