பேச்சியின் காலில் விழுந்த குழி

கொலுசு இறுகியதைத்தான் நான் முதலில் பார்த்தேன். என் மகள் பேச்சிக்கு அப்போது இரண்டரை வயது இருக்கும். கழன்று விழாமல் இருக்க அந்தக் கொலுசில் நூல் சுற்றி வைத்திருந்தேன். நூலை அவிழ்த்த பிறகும் அது சதைக்குள் புதைந்து நின்றது.

"புள்ள பூரிச்சுட்டா" என்றார்கள் சுற்றி இருந்தவர்கள். கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தார்கள். பேச்சி யாரையும் பார்க்கவில்லை.

நாங்கள் தாராவியில் ஒரு மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தின் வகுப்பறையில் இருந்தோம். அறுபதுகளின் நடுப்பகுதி அது. ரேஷனில் அரிசி சுருங்கிப்போய், கப்பலில் வந்த கோதுமையையும் சிவப்புச் சோளத்தையும் கட்டாயமாகத் தின்ற காலம். அந்த மழையில் கழிமுகத்தை ஒட்டிய எங்கள் குடிசைகளுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. என் கணவர் வேலை பார்த்த தோல் கிடங்கும் மூழ்கியது. வேலையும் போய், வீடும் போய், பெஞ்சுகளை ஓரமாக அடுக்கிவிட்டுக் குடும்பத்துக்கு ஒரு பாய் அகலத்தில் வாழ்ந்தோம்.

இதை எழுதுவது, வெள்ளமோ சண்டையோ பஞ்சமோ துரத்தி, பிள்ளையோடு ஏதோ ஒரு முகாமில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்காக. எனக்கு ஆறுதல் சொல்ல வராது. கோபம்தான் வரும். அதையே எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்துக்குள் மணல்வாரி (தட்டம்மை) புகுந்தது. அடைத்து வைத்த அறையில் ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்குத் தாவியது. சில பிள்ளைகள் செத்தன. பேச்சிக்கும் உடம்பெல்லாம் வாரிப் போட்டது. பிழைத்துக்கொண்டாள்.

அம்மை கண்ட வீட்டில் பத்தியம் உண்டு. எண்ணெய் கூடாது, தாளிப்புக் கூடாது, மீன் முட்டை எதுவும் கூடாது. அம்மை இறங்கியதும் வேப்பிலை போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்ற வேண்டும். முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர் என்று மூன்று முறை. மூன்றாவது ஊற்றியதும் பத்தியம் முடிந்தது. ஊரில் இதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும்.

எங்களுக்கு முடியவில்லை; இரண்டாம் தண்ணீரோடு நின்றது. காரணம் என் கணவரின் அண்ணன்; நான் அத்தான் என்று கூப்பிடுவேன். எங்களைப் பம்பாய்க்குக் கூட்டி வந்தவர் அவர். வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அதனால் எங்கள் அடுப்பில் என்ன வேக வேண்டும் என்பதுவரை அவர்தான் சொல்வார். பிள்ளைகள் சாவதைப் பார்த்துப் பயந்து, "பேச்சி பொழச்சா மூணாந் தண்ணிய ஊர்ல முத்தாரம்மன் கோயில்ல வச்சு ஊத்துதோம்" என்று நேர்ந்துகொண்டார். நேர்ந்தது அவர். பத்தியம் கிடந்தது என் பிள்ளை.

ஊருக்குப் போக வழியில்லை. கிடங்கு திறக்கட்டும், மழை விடட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார்கள். மழை நின்றது, பத்தியம் நிற்கவில்லை. பேச்சிக்குக் கஞ்சித் தண்ணீர், சர்க்கரை போட்டு, பால் விடாத கடுஞ்சாயா, அவ்வளவுதான். ஒரு முறை பட்டாணி மசித்து வாயில் வைக்கப் போனேன். அண்ணன் தட்டைப் பிடுங்கிவிட்டார்.

நிவாரண வண்டி ஒன்று வரும். வெளுத்த சட்டைக்காரர்கள் இறங்கி, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கண்ணால் பார்த்தே பிரிப்பார்கள். மெலிந்த பிள்ளைகள் ஒரு பக்கம். அவர்களுக்குப் பால் பவுடர், போட்டோவும் உண்டு. பேச்சியைப் பார்த்ததும் ஒருவர் சிரித்து, அவள் கன்னத்தைத் தட்டி, "மோட்டி" என்று மறுபக்கம் தள்ளிவிட்டார். குண்டுப் பெண் என்று அர்த்தம். அந்த ஆளின் சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. எதிரே வந்தால் இன்றைக்கும் நாலு வார்த்தை கேட்பேன்.

பூரித்த பிள்ளை ஏன் எழுந்து நடக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அவள் முடி செம்பட்டை ஆனது. இழுத்தால் வலிக்காமல் கையோடு வந்தது. தொடைத் தோல் கறுத்து, காய்ந்த சுவரில் சுண்ணாம்பு உரிவதுபோல் உரிந்தது. எல்லாவற்றையும்விட மோசம் அவள் பார்வை. என்னை அப்படி வெறுப்போடு யாரும் பார்த்ததில்லை. தொட்டால் முனகுவாள். தூக்கப் போனால் "போ" என்பாள். மற்ற எல்லாச் சொல்லையும் மறந்து அந்த ஒன்றை மட்டும் வைத்திருந்தாள்.

பிள்ளைகளுக்கு அம்மை குத்திய தழும்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு டாக்டரம்மா வந்தார். மாட்டுங்காவில் வீடு, எங்களோடு தமிழில் பேசினார். பேச்சியின் புறங்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். விரல் போன இடத்தில் குழி அப்படியே நின்றது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது நிரம்பவே இல்லை.

"இது சதை இல்லை, தண்ணி" என்றார். "என்ன குடுத்துண்டிருக்கே இவளுக்கு?"

"கஞ்சித் தண்ணி. சாயா."

"பால் பவுடர் தராளே, அது எங்கே?"

"இவ குண்டா இருக்கான்னு வேண்டாம்னுட்டாவ."

அவர் முகம் சிவந்தது. ஆனால் கோபத்தை என் மேல்தான் கொட்டினார். "இத்தனை நாள் என்ன பண்ணிண்டிருந்தே? முன்னாடியே வரத் தெரியாதா?"

"எங்க வரணும்னு யாரு சொன்னா?" என்றேன்.

நோயின் பெயர் குவாஷியோர்கர் (புரதமும் மற்றச் சத்துகளும் போதாமல் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும் நோய்). மெலிந்து எலும்பாகும் பிள்ளையை எல்லோரும் பார்ப்பார்கள். இந்த நோய் வந்த பிள்ளை கொழுத்ததுபோல் தெரியும், அதனால் யாரும் பார்க்க மாட்டார்கள். தட்டம்மை, பேதி இவற்றுக்குப் பிறகு வருவது அதிகம். அம்மை கண்ட பிள்ளைக்குத்தான் சாப்பாடு கூடுதலாக வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, யார் கழுத்தைப் பிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பால் பவுடர், சர்க்கரை, கொஞ்சம் எண்ணெய் கலந்து மூக்கில் விட்ட குழாய் வழியாகச் சிறிது சிறிதாகக் கொடுத்தார்கள். பசித்த பிள்ளை ஆயிற்றே என்று வயிறு முட்ட ஊட்டினால் இதயம் தாங்காது என்று எனக்கு முதலிலேயே எச்சரிக்கை. கம்பளியில் சுற்றியே வைத்திருக்க வேண்டும், இந்தப் பிள்ளைகளின் உடம்பு தானாகச் சூடு காக்காது. வார்டில் ஒரு மலையாளத்து சிஸ்டர் இருந்தார். முரட்டு மனுஷி. குழாயைப் பேச்சி பிடுங்கப் போனால் கையைக் கட்டிவிடுவார். எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. ஆனால் குளிர்ந்துபோன பால் ஒரு முறைகூட அவர் கையிலிருந்து என் பிள்ளைக்குள் போனதில்லை.

ஒன்றை டாக்டர் சொல்லியிருந்தார். "வீக்கம் வடிஞ்சா எடை குறையும். பயப்படாதே. குறையணும்."

குறைந்தது. பெட்டிலேயே சிறுநீராகப் போய்க்கொண்டே இருந்தாள். கன்னம் வடிந்தது. கொலுசு குதிகாலுக்கு இறங்கியது. வீக்கத்துக்கு அடியில் ஒளிந்திருந்தது வெளியே வந்தது: தோல் போர்த்திய சின்ன எலும்புக்கூடு. தெரிந்திருந்தும் நான் போர்வையை இழுத்து மூடினேன். முன்கூட்டி யாரும் சொல்லாதவர்களுக்கு எப்படி இருக்கும்?

பார்வையாளர் நேரத்தில் என் கணவரோடு அவர் அண்ணன் வந்தார். போர்வையை விலக்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"கொண்டாரும்போ பூரிச்சு இருந்தா. இப்ப எலும்பத் தாராவ. அம்மை கண்ட புள்ளைக்கு எண்ணெய ஊத்துனா என்ன ஆவும்? ஆத்தா சும்மா இருப்பாளா?"

"அத்தான், அது நீருதான் வடிஞ்சிருக்கு. டாக்டரம்மா சொல்லிட்டாவ."

"டாக்டருக்கு என்ன தெரியும்? துணிமணிய எடு. புள்ளைய ஊருக்குக் கொண்டு போயிருவோம். கோயில்ல கெடந்தா பொழப்பா."

டாக்டரம்மாவே வந்தார். மறுநாளிலிருந்து முட்டை கொடுக்கத் தொடங்கலாம் என்று நினைத்திருந்ததாகவும், இப்போது கொண்டு போனால் ரயிலிலேயே பிள்ளை போய்விடும் என்றும் சொன்னார். முட்டை என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணன் கத்தினார். டாக்டரும் கத்தினார். "நான் முட்டையைத் தொட்டது கிடையாது. எங்காத்துல அந்த வாசனையே ஆகாது. உங்க பிள்ளைக்கு நான் என் கையால குடுக்கறேன்னு சொல்றேன், உங்களுக்கு என்ன வந்தது?"

ஆனால் தகப்பன் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிள்ளையைப் பிடித்து வைக்க ஆஸ்பத்திரிக்கு வழியில்லை. எல்லோரும் என் கணவரைப் பார்த்தார்கள். அவர் தன் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சொல்லைத் தட்டி அவர் ஒரு நாளும் நடந்ததில்லை. எனக்கு உடம்பு எரிந்தது.

"அத்தான், ஒண்ணு கேக்கேன்" என்றேன். "மூணாந் தண்ணி ஊத்தியாச்சுன்னா பத்தியம் முடிஞ்சுதுல்லா?"

"ஊர் கோயில்ல ஊத்துனா."

"முத்தாரம்மன் ஊர்லதான் இருக்காளா?"

"பின்ன?"

"அப்ப தாராவி வந்து எம் புள்ளைக்கு அம்மை போட்டது யாரு?"

வார்டே அமைதியாக இருந்ததாக எனக்கு ஞாபகம், ஆனால் அது பொய்யாக இருக்கலாம். குழந்தைகள் வார்டு எப்போது அமைதியாக இருந்தது?

என் கணவர் எழுந்து வெளியே போனார். கையெழுத்துப் போடத்தான் போகிறார் என்று நினைத்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆஸ்பத்திரி வளாகத்து வேப்பமரத்தின் கீழ் நின்று, எட்டாத கிளையை எம்பி எம்பி இழுத்துக்கொண்டிருந்தார்.

குளிக்க வைக்கக் கூடாது, குளிர் தாக்கும் என்றார் சிஸ்டர். ஒரு கையளவு போதும் என்றேன். முறைத்தார். பிறகு போய் இளஞ்சூட்டில் ஒரு கிண்ணம் தண்ணீர் கொண்டு வந்தார். வேப்பிலையைக் கிள்ளிப் போட்டு, உள்ளங்கையில் ஏந்தி, பேச்சியின் உச்சியில் விட்டேன். அதுதான் மூன்றாம் தண்ணீர். சிஸ்டர் உடனே துண்டால் அழுத்தித் துடைத்துக் கம்பளியை இழுத்து மூடினார். "போ" என்றாள் பேச்சி. நான் போகவில்லை.

அண்ணன் போய்விட்டார். அதன் பிறகு சாகும்வரை என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. எனக்கும் அதில் வருத்தம் இல்லை.

மறுநாள் டாக்டரம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு, அவித்த முட்டையைக் கஞ்சியில் மசித்தார். பேச்சி துப்பினாள். அதற்கு மறுநாளும் துப்பினாள். பிறகொரு நாள் கரண்டியை எடுக்கும்போது என் விரலைச் சேர்த்துக் கடித்தாள். இரத்தம் வந்தது. கரண்டியைப் பார்த்து "தா" என்றாள். மறந்துபோன சொற்களில் முதலில் திரும்பி வந்தது அது. சிஸ்டரைக் கூப்பிட்டு விரலைக் காட்டினேன். அந்த முரட்டு மனுஷி சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு நான் பார்க்கிற பிள்ளையின் காலையெல்லாம் அழுத்தத் தொடங்கினேன். ரேஷன் வரிசை, குழாயடி, கல்யாண வீடு, இடம் பார்ப்பதில்லை. கண் வைக்கிறவள் என்று பேர் வந்தது. என்னைக் கண்டால் பிள்ளையை முந்தானைக்குள் மறைத்தார்கள். திட்டிக்கொண்டேதான் ஆஸ்பத்திரிக்கும் போனார்கள். போகட்டும், திட்டட்டும்.

முகாமில் இருக்கும் பெண்ணே, நீயும் அழுத்திப் பார். இரண்டு காலிலும் குழி நின்றால் உடனே டாக்டரிடம் கொண்டு போ. குண்டாக இருக்கிறது என்று எவன் சிரித்தாலும் அவன் கையைப் பிடித்து உன் பிள்ளையின் காலில் வைத்து அழுத்து. அம்மையோ பேதியோ, சாப்பாட்டை நிறுத்தாதே. ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு பிள்ளை மெலிந்தால் பயந்து தூக்கிக்கொண்டு ஓடாதே. வெறுத்துப் பார்த்தால் அது பிள்ளை இல்லை, நோய்.

எனக்கு எண்பது தாண்டிவிட்டது. சதையை நம்புவதை அன்றோடு விட்டேன். பேரப்பிள்ளைகள் கொழுகொழு என்று வந்து நின்றால் எல்லோரும் கன்னத்தைப் பார்ப்பார்கள், நான் காலைப் பார்ப்பேன். காலம் என்றால் எனக்குக் கடிகாரம் ஞாபகம் வருவதில்லை. விரலை எடுத்ததற்கும் குழி நிரம்புவதற்கும் இடையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் ஞாபகம் வருகிறது.

இப்போது என் கால் வீங்குகிறது. இதயம் தளர்ந்துவிட்டது என்கிறார்கள். பம்பாயை ஒட்டிய ஐரோலியில் பேச்சி வீட்டில்தான் இருக்கிறேன். அவளுக்கும் அறுபது ஆகிவிட்டது, கோபம் மட்டும் என்னுடையது. காலையில் என் புறங்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்துகிறாள். இருவரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பிறகு உப்பில்லாத கஞ்சியைக் கொண்டு வந்து கரண்டியை நீட்டுகிறாள். வாயில் வைக்க முடியாத கஞ்சி.

"போ" என்கிறேன்.

அவள் போவதில்லை.