உட்புறத் தாழ்ப்பாள்

இல்லை, அவர் பாவம் அல்ல. அந்தச் சொல்லை யாரும் அவருக்குக் கொடுக்க வேண்டாம். அடக்கத்துக்கு வந்த இடத்திலும் இரண்டு பேர் அதையே சொல்லிக்கொண்டு நின்றார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சாவுச் செய்தி வந்தபோது லண்டன் ஸ்ட்ராட்ஃபோர்ட் ரயில் நிலையத்தில் நின்றேன். அழைத்தவர் சிவம் அண்ணை. இல்ஃபோர்டில் அவருடைய பலசரக்குக் கடைக்கு மேலே வாடகைக்கு இருக்கிறேன்.

"பிள்ளை, ரஹீமா மோசம் போயிட்டா."

பிறகு, கேட்காமலே: "கடையிலதான். அரிசி மூட்டையடியில இருந்தவ, எழும்பேல்லை. அம்புலன்ஸ் வந்தும் ஏலாமப் போச்சு."

ரயில் வந்தது. ஏறவில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்கு: ரஹீமா அக்கா ரோஹிங்யா. பிறந்த மியன்மாரில் அவரை அந்நாட்டவர் என்று ஒப்புக்கொள்ளவில்லை. கிராமம் எரிந்தது. நாஃப் ஆற்றைக் கடந்து வங்கதேச முகாமுக்குப் போனார். லண்டனில் இருந்த கணவர் அவரை இங்கே கூப்பிட்டார். கணவர் இறந்தபின் கடையில் வேலை. மேல்மாடியில் எனக்கு அடுத்த அறை. தங்கை ஹசீனா இன்னும் முகாமில்.

தமிழை வாடிக்கையாளர்களிடம் பழகினார். முதலில் பழகிய சொல் 'ஏலாது'. பழைய கத்தரிக்காயைப் புதிதென்று விற்க ஏலாது. ஞாயிற்றுக்கிழமை ஷிப்டுக்கு ஏலாது. சிரித்துக்கொண்டே சொல்வார். யாரும் வாதாடியதில்லை.

முகாமைப் பற்றி ஒருமுறைதான் விரிவாகப் பேசினார், கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டு. மரம் வெட்டிய மலைச்சரிவு. வீடென்றால் மூங்கிலும், கூரைக்குப் பிளாஸ்டிக் தறப்பாளும். சீமெந்து கூடாது, செங்கல் கூடாது. நிரந்தரமாகத் தெரியும் எதுவும் கூடாது. சுற்றிவர முட்கம்பி. மழைக்குச் சரிவு கரைந்து வீடுகளோடு இறங்கும். பல குடும்பங்களுக்கு ஒரு மலசலகூடம். கதவு உண்டு. உள்ளே தாழ்ப்பாள் இல்லை.

"மத்தியானத்துக்குப் பிறகு பொம்பிளையள் தண்ணி குடிக்கமாட்டினம், தங்கச்சி. இருட்டினாப் போகேலாதெல்லோ. நான் போனால் ஹசீனா வெளியில நிண்டு கதவைப் பிடிப்பாள். அவள் போனால் நான். பிடிக்க ஆளில்லாததுகள் என்ன செய்யும்?"

எங்கள் மேல்மாடிக் குளியலறைத் தாழ்ப்பாளும் உடைந்துதான் கிடந்தது. எங்களுக்கு ஒரு முறை இருந்தது: கதவில் துவாய் தொங்கினால் உள்ளே ஆள். எல்லோரும் அதற்குப் பழகியிருந்தோம். அக்கா பழகவில்லை. சிவம் அண்ணையிடம் கேட்டார். பிறகும் கேட்டார். "பாப்பம்" என்றார் அண்ணை.

ஒரு சனிக்கிழமை காலை கடை திறக்கவில்லை. சாவி எப்போதும் அக்காவிடம்தான். அவர் ஷட்டருக்கு முன்னால் படியில் உட்கார்ந்திருந்தார், சாவியை மடியில் வைத்துக்கொண்டு. இடியப்பத்துக்கும் பாலுக்கும் வந்தவர்கள் வரிசையாக நின்றார்கள். அண்ணை காரால் இறங்கி ஓடிவந்தார்.

"என்ன இது? சனம் நிக்குது!"

"நிக்கட்டும் அண்ணை. குளியலறைக்குத் தாழ்ப்பாள் போடாமல் திறக்க ஏலாது."

"முகாமில இருந்து வந்தனீ, இதுக்குப் போய்—"

"அதாலதான்."

அண்ணையின் முகம் சிவந்தது. இலங்கையிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒருநாள் சொல்லும் வசனத்தை அவரும் சொன்னார். "நாங்களும் அகதியாத்தான் வந்தனாங்கள், ரஹீமா. ஒரு அறைக்குள்ள எட்டுப்பேர் படுத்தனாங்கள். வாயே திறக்கேல்லை."

"நீங்கள் பொறுத்தது பெரிசு, அண்ணை. அதை ஏன் எனக்குச் சட்டமாக்கிறியள்?"

வேலையும் அறையும் அந்த ஒரு மனிதரின் கையில். அக்காவுக்கு அது தெரியும். சாவியை நீட்டவில்லை.

வரிசையில் நின்ற ஒரு அன்ரிதான் இடையில் புகுந்தார். "சிவம், அந்தத் தாழ்ப்பாளை வாங்கிப் போடுமன். தேத்தண்ணி குடிக்காமல் எனக்குத் தலையிடிக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. போனார். வாங்கிவந்தார். அவசரத்தில் அதைக் கதவின் வெளிப்பக்கம் பொருத்திவிட்டு இறங்கிவந்தார்.

அக்கா ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு மாடிப்படியில் நின்று சொன்னார்: "வெளியில பூட்டுறதை நாங்கள் கனக்கக் கண்டிட்டம். உள்ளுக்குப் போடுங்கோ, அண்ணை."

அண்ணை கழற்றி உள்ளே பொருத்தினார். அதன்பிறகே ஷட்டர் எழுந்தது.

அன்றிரவே அக்கா ஹசீனாவுக்கு அந்தத் தாழ்ப்பாளைத் தொலைபேசியில் காட்டினார். இரும்பு வேண்டாம், மூங்கில் போதும் என்றார். ஹசீனா ஒரு முளை சீவி, கயிற்றில் கட்டி, மலசலகூடக் கதவின் உட்புறம் மாட்டினார். அடுத்த மழையில் சரிவு கரைந்து கூடத்தையும் கதவையும் கொண்டுபோனது. புதிய கூடங்கள் வந்தன. தாழ்ப்பாள் வரவில்லை. முகாமின் தொகுதிப் பொறுப்பாளர் சொன்ன காரணம்: எல்லாம் தற்காலிகம்தானே.

இறப்பதற்கு முந்தைய கிழமை முழுவதும் அக்கா அதற்காகவே தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தார். அவர்களுடைய மொழி எனக்குத் தெரியாது. ஆனால் நடுவில் ஒரு 'ஏலாது' வந்து விழுந்தது. கோபத்தில் தமிழ் வந்துவிட்டது. நான் சிரித்தேன். தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு அவரும் சிரித்தார்.

அடக்கத்தன்று கடையைப் பூட்டினார்கள். சிவம் அண்ணை மண் போட்டார். கடைக்குத் திரும்பியதும் மேல்மாடிக்கு ஏறி, தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். ஒரு திருகாணி தளர்ந்திருந்தது. இறுக்கினார்.

அக்கா, உங்களுக்குக் கண்ணீரைவிடக் கேள்விகள்தான் பிடிக்கும். கேட்டுக்கொண்டே இருப்போம். போய்வாருங்கள்.

ஹசீனாவுக்குச் செய்தியை நான்தான் எழுதினேன், முகாமில் அவர் கற்ற எளிய ஆங்கிலத்தில். அவர் திருப்பிக் கேட்டார்: "யார் பக்கத்தில் இருந்தது?" சிவம் அண்ணை என்று எழுதினேன்.

மறுநாள் ஹசீனா மூங்கில் சீவினார். புதிய கூடத்தின் கதவுக்கு உள்ளே முளை மாட்டினார். பிறகு அடுத்த முளையை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கூடத்துக்குப் போனார்.