பின்னேரக் குளிசை

நித்தியானந்தன் லா ஷோ-து-ஃபோனில் முப்பத்தொரு வருடங்கள் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தவர். கைக்கடிகாரங்களின் உலோகக் கூடுகளை மினுக்குவது அவருடைய வேலை. அத்தனை வருடங்களில் காய்ச்சலென்று வீட்டில் நின்ற நாட்களை விரல் விட்டு எண்ணலாம். அறுபத்திரண்டு வயதில், வேலை குறைந்துவிட்டதென்று சொல்லி, ஒரு சிறு தொகை கொடுத்து அவரை முன்கூட்டியே ஓய்வில் அனுப்பிவிட்டார்கள். அரச பென்சன் அறுபத்தைந்தில்தான் வரும். பென்சன் போதாதவர்களின் மருந்துச் செலவைப் பார்த்துக்கொள்ளும் அரச உதவிக்கும் அதுவரை அவர் காத்திருக்க வேண்டும்.

அந்த இலையுதிர் காலத்தில், மனைவி சந்திரமதிக்குச் சொல்லாமல், மருத்துவக் காப்புறுதியில் ஒரு மாற்றம் செய்தார். வருடத்தில் முதல் இரண்டாயிரத்து ஐந்நூறு பிராங் வரையான வைத்தியச் செலவைத் தானே ஏற்பதாக எழுதிக் கொடுத்தால் மாதக் கட்டணம் குறையும். அந்தத் தொகையை ஃபிரான்ஷீஸ் என்பார்கள். முந்நூறில் இருந்ததை அவர் ஆக உச்சத்துக்கு ஏற்றினார். தனக்கு என்ன வருத்தம் வந்துவிடப்போகிறது என்று நினைத்தார்.

பெப்ரவரியில் அவருடைய இதயம் தாளம் தப்பி அடிக்கத் தொடங்கியது. இதயத்துக்குள் இரத்தம் கட்டியாகி மூளைக்குப் போகலாம் என்று வைத்தியர் சொன்னார். அதைத் தடுக்க ஒரு குளிசை, காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. ஒரு வேளையும் தவறக்கூடாது.

இதயப் பரிசோதனைகளுக்கான பில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லாம் அவர் தலையில். ஃபார்மசியிலும் முழு விலை. சந்திரமதி முதியோர் இல்லத்தில் காலையும் மாலையும் துப்புரவு வேலைக்குப் போய்வந்தாள். ஃபிரான்ஷீஸை ஏற்றியது அவளுக்குத் தெரியாது. சூரிச்சில் இருந்த மகன் விஜிதரனுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். அவனிடம் கேட்க வாய் வரவில்லை. ஏப்ரலில் ஒருநாள் அவர் பின்னேரக் குளிசையைப் போடாமல் விட்டார். அடுத்த நாளும் விட்டார். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மாதப் பெட்டி இரண்டு மாதம் வந்தது.

பயம் அதற்குப் பிறகுதான் குடிவந்தது.

மருந்துப் பெட்டியோடு வந்த துண்டுப்பிரசுரத்தில் பக்கவாதத்தின் அறிகுறிகள் போட்டிருந்தன. காலையில் சந்திரமதி வேலைக்குப் போனதும் குளியலறைக் கண்ணாடி முன் நின்று இரண்டு கைகளையும் உயர்த்திப் பார்ப்பார். பிறகு சிரித்துப் பார்ப்பார். வாய் ஒரு பக்கம் கோணவில்லை என்று கண்டபின்தான் தேத்தண்ணீர் வைப்பார். மத்தியானத்துக்குள் சந்தேகம் திரும்பவும் வந்துவிடும். சோபாவில் கனநேரம் இருந்து கால் விறைத்துப்போனால் எழும்பி அறைக்குள் நடந்து பார்ப்பார். பஸ்ஸில் பெயர் ஒன்று நினைவுக்கு வராவிட்டால் அடுத்த தரிப்பிலேயே இறங்கி, குளிர்காற்றில் நின்று, தன் பிள்ளையின் பெயரையும் பேரப்பிள்ளைகளின் பெயரையும் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பார்.

இரண்டாவது குளிசையைப் போட்டால் பயம் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் பெட்டி முடிந்தால் புதியது வாங்க வேண்டும். வைத்தியரிடம் போனால் ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்பார். செப்டெம்பர் மாதச் சந்திப்பை அவர் தொலைபேசியில் ரத்துச் செய்தார்.

ஒக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சந்திரமதி இரண்டு வேலைக்கும் நடுவில் வீட்டுக்கு வந்திருந்தாள். இருவரும் சாப்பிட இருந்தார்கள். பருப்பில் உப்புக் குறைவு. உப்பைக் கேட்க வாயெடுத்தார். சொல் வரவில்லை.

உப்பு எதிரே, அவள் கையருகே இருந்தது. அது என்னவென்று அவருக்குத் தெரியும். அதன் பெயர் மட்டும் எங்கும் இல்லை. வேறேதாவது சொல்லலாம் என்று பார்த்தார். அதுவும் வரவில்லை. வலது கையிலிருந்த கரண்டி கோப்பைக்குள் விழுந்தது.

"என்ன?" என்றாள் சந்திரமதி. "இஞ்சை பாருங்கோ. ஏன் பேசாமல் இருக்கிறியள்?"

அவள் கைத்தொலைபேசியை எடுத்து அவசர இலக்கத்தை அழுத்தும்போது அவர் இடது கையால் வேண்டாமென்று காட்டினார். அந்த நேரத்திலும் அம்புலன்ஸ் பில்தான் கண்முன் நின்றது. அவள் அவர் கையைத் தட்டிவிட்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதே பேச்சுக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிவிட்டது. இளம் பெண் வைத்தியர் ஒருவர் மருந்துப் பெயரைப் பார்த்துவிட்டு, இரண்டு வேளையும் ஒழுங்காக எடுக்கிறாரா என்று பிரெஞ்சில் கேட்டார். அவர் வாய் திறப்பதற்குள் சந்திரமதி பதில் சொன்னாள்: ஆமாம், ஒரு நாளும் தவறுவதில்லை, பெட்டி சமையலறைத் தட்டில்தான் இருக்கிறது, தானே பார்க்கிறவள்.

வைத்தியர் அதை எழுதத் தொடங்கினார். எழுதிவிட்டால், மருந்து போட்டும் கட்டி வந்ததென்று நினைத்து வேறு மருந்துக்கு மாற்றுவார்கள் என்று நித்தியானந்தனுக்குப் பட்டது.

"இல்லை," என்றார் அவர் தமிழில். பிறகு பிரெஞ்சிலும் சொன்னார். "ஒரு நாளைக்கு ஒன்றுதான். ஏப்ரலில் இருந்து."

சந்திரமதி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏன்?" என்று கேட்டாள்.

அவர் ஃபிரான்ஷீஸைப் பற்றிச் சொன்னார். சொல்லும்போது நாக்கு இன்னும் தடித்திருந்தது.

"நான் என்ன, ஏசுவன் எண்டோ பயந்தனீங்கள்?"

"நீர் ஏற்கெனவே ரெண்டு நேர வேலை. மூண்டாவதுக்கும் போயிடுவீர் எண்டு நினைச்சன்."

"போயிருப்பன் தான். அதுக்கு?"

ஸ்கேனில் மூளையில் ஒரு சிறு புள்ளி தெரிந்தது. வலது கையின் இரண்டு விரல்களில் உணர்ச்சி குறைந்துபோய், பிறகு சரியாகவே இல்லை. மற்றபடி தப்பிவிட்டார். நான்காம் நாள் ஆஸ்பத்திரியின் சமூக சேவையாளர் வந்து கட்டிலருகே இருந்து காகிதங்களைப் பார்த்தார். அந்த வருடத்துக்கான ஃபிரான்ஷீஸ் இந்த ஆஸ்பத்திரிச் செலவோடு முடிந்துவிட்டது, இனி டிசம்பர் வரை மருந்து விலையில் பத்திலொரு பங்குதான் கட்ட வேண்டும் என்றார். நித்தியானந்தனின் பங்குக்கு வரும் பில்லைத் தவணையில் கட்ட ஒழுங்கு செய்தார். நவம்பர் முடிவதற்குள் எழுதிக் கொடுத்தால் ஜனவரியிலிருந்து ஃபிரான்ஷீஸை முந்நூறுக்கு இறக்கலாம் என்றும் சொன்னார். ஏப்ரலிலேயே வந்திருந்தால் அப்போதே தவணை கேட்டிருக்கலாமே என்று அவர் சாதாரணமாகச் சொன்னபோது நித்தியானந்தன் ஜன்னலைப் பார்த்தார்.

ஃபிரான்ஷீஸை இறக்கக் கேட்கும் கடிதத்தை நித்தியானந்தன் பதிவுத் தபாலில் அனுப்பினார். அப்படியும் தூக்கம் வரவில்லை. நாள் பிந்திப் போய்ச் சேர்ந்துவிட்டால் இன்னொரு வருடம் முழுக்க அந்த உச்சத்தில் மாட்டிக்கொள்வாரே. காப்புறுதிக்காரரின் பதில் வரும்வரை ஒரு நாளைக்கு மூன்று தடவை தபால்பெட்டியைத் திறந்தார். ஜனவரியிலிருந்து முந்நூறுதான் என்று பதில் வந்த அன்று சந்திரமதி அதை நின்றபடியே இரண்டு தடவை வாசித்தாள். பிறகு கதிரையில் இருந்தாள்.

"வேற என்ன மறைச்சு வைச்சிருக்கிறியள்?"

"ஒண்டும் இல்லை."

"நான் நம்புறன் இல்லை," என்றாள். "பென்சனுக்கு இன்னும் ஒரு வருசமும் ஏழு மாசமும் கிடக்கு. எனக்கு வேலை செய்யிறது கஷ்டமில்லை. ஒவ்வொரு நாளும் வேலை முடிஞ்சு வந்து கதவைத் திறந்து, நீங்கள் விழுந்து கிடக்கிறியளோ எண்டு பாக்கிறதுதான் கஷ்டம்."