முத்திரை டீச்சர்

பேருந்தில் உட்கார்ந்ததும் டீச்சர் பார்ப்பது எதிரில் இருப்பவருடைய முகத்தை அல்ல, கையை. பையை மடியில் வைத்திருக்கிறாரா, பக்கத்து இருக்கையில் வைத்து இடம் பிடிக்கிறாரா, கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறியதும் அவருக்குத் திடீரென்று தூக்கம் வந்துவிடுகிறதா என்று கவனிப்பார். இரண்டு நிறுத்தம் போதும், ஆளை எடை போட்டுவிடுவார். "இவரு, தான் இல்லேன்னா ஆபீஸே நடக்காதுன்னு நினைக்கிற ரகம்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் அடிக்குரலில் சொல்வார். ஒருமுறை அப்படிப் பக்கத்தில் இருந்தது அந்த மனிதரின் மனைவி. டீச்சர் அசடு வழிந்தார். அந்த அம்மாளோ, "ஆபீஸ் மட்டுமாங்க, வீடும்தான்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் கல்லூரியில் நடத்தும் பாடமே அப்படிப்பட்டது. பழங்காலக் கிரேக்கர்களும் ஆதி கிறிஸ்தவ எழுத்தாளர்களும் மனிதர்களின் குணத்தை எழுத்தில் எப்படிப் பிடித்தார்கள் என்பதைத் தலை நரைத்த பிறகும் சொல்லிக்கொடுத்து வருகிறார். குணம் என்பது கிரேக்கர்களுக்கு நாணயத்தில் விழுந்த முத்திரை மாதிரி, விழுந்தால் விழுந்ததுதான் என்று முதல் வகுப்பிலேயே மேசையைக் குத்திச் சொல்வார். மாணவர்கள் சும்மா இருப்பார்களா? முத்திரை டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது அவர் காதுக்கும் வந்தது. கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

குள்ளமான உருவம், ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம், எதிரே வருபவர்தான் ஒதுங்க வேண்டும் என்பது போன்ற நடை. கைபேசியில் அவர் பெயர்களைப் பதிந்து வைத்திருக்கும் அழகே தனி. குழாய் ரிப்பேர் செய்பவர் 'வந்துட்டே இருக்கேன்'. கீழ்வீட்டு அம்மாள் 'ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே'. சொந்தத் தம்பி 'புளுகன்'.

"உள்ளுக்குள்ள என்ன நினைச்சான்னு கிரேக்கன் கேக்கவே மாட்டான். என்ன செஞ்சான், என்ன பேசினான், அவ்வளவுதான்" என்று வகுப்பில் சொல்வார். "கஞ்சன் யாரு? பணத்தாசை பிடிச்சவன்னு எழுதினா மார்க் கிடையாது. விருந்தாளி உள்ள வந்ததும் எழுந்து போய் ஃபேனை ஒரு பாயிண்ட் குறைக்கிறான் பாரு, அவன் கஞ்சன். அலட்டல்காரி யாரு? கால் ஒடிஞ்சு கிடக்கிறவளைப் பார்க்கப் போயி, தன் கட்டைவிரல் நகம் பேந்த கதையை ஆரம்பிக்கிறா பாரு, அவ." வகுப்பு குலுங்கிச் சிரிக்கும். ஒவ்வொருவரும் தத்தம் மாமா, சித்தி முகத்தை நினைத்துக்கொண்டு சிரிப்பார்கள்.

ஆதி கிறிஸ்தவர்கள் ஆண்டுக் கடைசியில்தான் வருவார்கள். அவர்கள் எழுதியதில் திருடனும் குடிகாரனும் நடந்துகொண்டிருந்த பாதையில் பாதியில் நின்று திரும்பிவிடுகிறார்கள். தன் மனசின் அழுக்கைத் தானே எடுத்து வெளிச்சத்தில் உதறுகிறார் ஒருவர். குளிருக்கு நெருப்புக் காய்ந்துகொண்டே தன் குருவை யாரென்றே தெரியாது என்று சாதித்துவிட்டு, வெளியே போய்த் தேம்பித் தேம்பி அழுகிறான் ஒரு மீனவன். "கிரேக்கன் கையில கிடைச்சிருந்தா இவன் கோழை. தொடை நடுங்குறதைக் காட்டி நம்மளைச் சிரிக்க வச்சிருப்பான். இவங்க அவன் பின்னாடியே வாசலுக்குப் போயி, அழறதையும் பார்த்து எழுதினாங்க" என்பார் டீச்சர். சொல்வாரே தவிர, அவருக்கு அதில் மனசு ஒட்டாது. அந்தப் பகுதியைக் கடகடவென்று நடத்தி முடித்துவிடுவார். "திரும்பினான், திரும்பினான்னு எழுதிடலாம். திரும்பினவன் எத்தனை நாள் அங்கேயே நின்னான்னு யாரு பார்த்தா?" என்று ஆசிரியர் அறையில் ஒரு கேள்வி போடுவார். யாரை நினைத்துக் கேட்கிறார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், அவர் தம்பியைத்தான்.

தம்பி பொய் சொல்லிப் பிழைத்தவன் அல்ல, பொய் சொல்லியே கெட்டவன். லாபம் இருந்தால்தான் மற்றவர்கள் பொய் சொல்வார்கள். இவனுக்கு அதெல்லாம் வேண்டாம். சாப்பிட்டாயா என்றால் சாப்பிடாமலே சாப்பிட்டேன் என்பான், என்ன சாப்பிட்டான் என்றும் சொல்வான், உப்பு கொஞ்சம் தூக்கல் என்று குறையும் சொல்வான். வேலை போனதை வீட்டில் மறைத்து, மாதக்கணக்கில் டிபன் பாக்ஸோடு கிளம்பிப் பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறான். அதையும் அவன் மனைவி பொறுத்துக்கொண்டாள். மகள் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்த அன்றுதான் எல்லாம் உடைந்தது. "இதோ கேட் கிட்ட வந்துட்டேன்" என்று போனில் சொன்னான். குழந்தை கதவையே பார்த்துக்கொண்டு கண் சோர்ந்து தூங்கிப்போனது. மறுநாள் காலையில் வந்தவன் வாய் கூசாமல் ஒரு விபத்துக் கதையை ஆரம்பித்தான். அவள் கதை முடியும்வரைகூட நிற்கவில்லை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஒரு வருடம் ஓடிவிட்டது. தம்பி ஒரு லாண்டரியில் வேலைக்குச் சேர்ந்தான், திருந்திவிட்டேன் என்று ஆள்மேல் ஆள் அனுப்பினான். கடைசியில் அவன் மனைவி டீச்சருக்குத்தான் போன் செய்தாள்.

"அண்ணி, உங்களுக்கு முகத்தாட்சண்யம் கிடையாது. தம்பின்னும் பார்க்க மாட்டீங்க. நீங்க சொல்லுங்க, அவரு மாறிட்டாரா? நீங்க சொல்றதை வச்சுத்தான் நான் போறதும் போகாததும்."

"பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார் டீச்சர்.

அன்றைக்கே தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். அவன் வாயைத் திறந்தால் என்ன வரும் என்பது அவருக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை. கல்லூரி விட்டதும் நேராக லாண்டரிக்கு எதிரே இருந்த காபிக் கடைக்குப் போய், கண்ணாடிச் சன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். மறுநாளும் போனார், அதற்கு மறுநாளும். முட்டிவலி இருந்தது, திருத்த வேண்டிய விடைத்தாள் குவிந்திருந்தது, கடைக்காரர் ஒரு காபிக்கு இவ்வளவு நேரமா என்று பார்த்தார். எதுவும் அவரை அசைக்கவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தக் கவுன்டரையே பார்த்தார். நாள் போகப் போக ஒன்று உறைத்தது. தம்பி கையை இவ்வளவு நேரம் அவர் பார்த்ததே இல்லை. சிறுவயதில் அவன்மேல் விழுந்த ஒரே முத்திரையோடு நிறுத்திக்கொண்டிருந்தார். இந்த நினைப்பு அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் எழுந்து போகவில்லை.

அவர் காத்திருந்தது ஒரு வியாழக்கிழமை நடந்தது. தம்பி அயர்ன் பாக்ஸைச் சட்டைமேல் வைத்துவிட்டு எங்கோ திரும்பினான், சட்டை கருகிவிட்டது. சற்று நேரத்தில் சட்டையின் சொந்தக்காரர் வந்து நின்றார். அந்த நேரத்தில் டீச்சருக்குக் காபிக் கடையில் இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து தெருவைக் கடந்து, லாண்டரிக் கதவோரம் ஒதுங்கி நின்றார்.

"என்னப்பா இது, காலர் கிட்ட இப்படி இருக்கு?"

"வரும்போதே அப்படித்தான் சார் இருந்துச்சு. போன தடவை வேற எங்கயோ குடுத்தீங்க போல. நானே உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன்."

தடங்கல் இல்லாமல் வந்தது. அந்த மனிதர் நம்பியும்விட்டார். முணுமுணுத்துக்கொண்டே டீச்சரைத் தாண்டிப் போனார். அவ்வளவுதான், போய்ச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று டீச்சர் திரும்பி நடக்கத் தொடங்கினார்.

பின்னால் காலடிச் சத்தம். தம்பி ஓடிவந்தான், காலில் செருப்பில்லை. அக்காவைப் பார்க்காமலே கடந்து, தெருமுனையில் அந்த மனிதரைப் பிடித்து நிறுத்தினான். "சார், சார்... நான்தான் கருக்கிட்டேன். பொய் சொல்லிட்டேன் சார்." அவர் நடுத்தெருவில் வைத்துக் காய்ச்சி எடுத்துவிட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டு முழுசையும் வாங்கினான். திரும்பி வந்தபோது அவன் முகம் நனைந்திருந்தது. டீச்சர் ஒரு வேனுக்குப் பின்னால் மறைந்து நின்றார். அவர் கண்ணிலும் தண்ணீர் நின்றது. அவருக்கே அது ஆச்சரியம்.

தம்பியின் மைத்துனர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடுவதாக ஏற்பாடு. போகிற வழியெல்லாம் டீச்சருக்கு ஒரே யோசனை. ஓடிவந்து ஒப்புக்கொண்டதை மட்டும் சொன்னால் போதும், அந்தக் குடும்பம் சேர்ந்துவிடும். கவுன்டரில் நடந்ததை யார் பார்த்தார்கள்? ஆனால் பாதி ஆளை வரைந்துவிட்டு இதுதான் அவன் என்று நீட்டுகிற பழக்கம் அவருக்கு இல்லை. பொய்யனுக்காக ஒரு பொய்யா? முடியாது. முழுசாகச் சொல்வது, வருவது வரட்டும் என்று முடிவு கட்டிக்கொண்டு படியேறினார்.

கூடத்தில் மேசைக்கு ஒரு பக்கம் மைத்துனரும் தம்பி மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ப்பக்கம் தம்பி தனியாக. குழந்தையை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்தியிருந்தார்கள். டீச்சருக்கு மேசையின் தலைப்பக்கத்தில் நீதிபதிக்குப் போடுகிற மாதிரி ஒரு மர நாற்காலி.

டீச்சர் ஒன்றும் கூட்டவில்லை, ஒன்றும் குறைக்கவில்லை. சட்டை கருகியதையும், தம்பி சொன்ன பொய்யை அதே வார்த்தைகளிலும், செருப்பில்லாமல் ஓடியதையும் சொன்னார். அக்கா அங்கே நின்றிருந்தது தம்பிக்கு அப்போதுதான் தெரிந்தது. அவன் முகம் செத்துப்போனது.

மைத்துனர் சட்டென்று பிடித்துக்கொண்டார். "அப்போ இன்னும் பொய் சொல்றார், அதானே டீச்சர்?"

"சொல்றான்."

"அப்புறம் என்ன? நீங்களே சொல்லிட்டீங்க. இந்த ஆளு இப்படித்தான்."

"முன்னாடி நானும் அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன். இப்போ அவ்வளவு சுலபமா என்னால சொல்ல முடியலைங்க. நான் பார்த்தது ரெண்டையும்தான்."

தம்பி மனைவி ஒரு வருடத்துக்குப் பிறகு முதன்முறையாகப் புருஷனை நேராகப் பார்த்தாள்.

"இனிமே பொய் சொல்ல மாட்டீங்களா?"

எல்லோருக்கும் தெரியும், சத்தியமாக மாட்டேன் என்று தலையிலடித்துச் சொல்வான். அவனோ மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியலை" என்றான். "வாயில வந்துடுது. வந்துட்டா, திரும்பி ஓடிவந்து சொல்லிடுவேன். அது மட்டும்தான் என்னால முடியும்."

அவள் அவன்மேல் இருந்து பார்வையை எடுக்கவில்லை.

டீச்சர் எழுந்தார். உட்கார்ந்திருந்த நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கினார். தன் பக்கம்தான் வருகிறார் என்று நினைத்து மைத்துனர் காலை ஒதுக்கி இடம் விட்டார். டீச்சர் அவரைத் திரும்பிப் பார்க்காமல் மேசையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், நாற்காலியைத் தம்பிக்கு ஒட்டினாற்போல் போட்டு, அவனருகில் உட்கார்ந்தார்.